எட்டுக் கம்பனி, ஒரே ஓட்டம்: லு மான் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் ஓட்டத்தில் அஜித்குமாரின் அணி மூன்றாம் இடத்துக்கு வந்தது. அந்தச் செய்தி யாழ்ப்பாணத்திலும் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி போய்க்கொண்டிருந்தது. செய்தியில் ‘தன் பிரிவில்’ என்று ஒரு சொல்லும் இருந்தது. சந்தோசத்தில் கனபேர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனார்கள். மூன்றாவது என்றால் முன்னால் இரண்டு கார்தானே இருந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முன்னால் இன்னும் பல கார்கள் இருந்தன, ஆனால் அவை வேறு பிரிவுக் கார்கள். இந்த விளையாட்டு விளங்க வேண்டுமென்றால் அந்தச் சொல்லில்தான் தொடங்க வேண்டும்.

மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சவாரித்திடலில் மாடுகளைத் தரம் பிரித்துத்தான் இறக்குவார்கள், தரத்துக்குத் தரம் பரிசும் வேறு. நெடுநேரக் கார் ஓட்டத்திலும் அதே முறைதான். ஆனால் இங்கே எல்லாத் தரமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடும்.

இவ்வகை ஓட்டங்களில் பெரியது பிரான்ஸின் லு மான் 24 மணி நேரம். 1923இல் தொடங்கியது. பாரிஸிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர். லாச்சப்பல் பக்கம் சொந்தக்காரர் இருந்தால், அவர்களுக்கு அது அதிவேக ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஒரு சுற்று 13.626 கிலோமீற்றர். யாழ் நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் சுன்னாகத்தைத் தாண்டி மல்லாகம் பக்கம் போகிற தூரத்துக்குக் கிட்ட வரும். அந்தப் பாதையின் ஒரு பகுதி மற்ற நாட்களில் லொறியும் பஸ்ஸும் ஓடும் பொதுவீதி. ஓட்டத்தின்போது அதே வீதியில் மணிக்கு 330 கிலோமீற்றருக்கு மேல் போவார்கள். 2025இல் வென்ற கார் 387 சுற்று ஓடியது, அதாவது 5,270 கிலோமீற்றருக்கு மேல். ஏ9 வீதியால் கொழும்புக்கு 13 தடவை போகிற தூரத்தை, மூன்று பேர் மாறி மாறி, ஒரு பகல் ஓர் இரவுக்குள் ஓட்டி முடித்திருக்கிறார்கள்.

அந்த வருடம் ஓடியவை 62 கார்கள். ஹைப்பர்கார் 21, எல்.எம்.பி.2 17, எல்.எம்.ஜி.ரி.3 24. முதலாவது, கம்பனிகள் பந்தயத்துக்கென்றே கட்டுபவை, முழு ஓட்டத்தையும் வெல்வது இவற்றில் ஒன்றுதான். இரண்டாவதும் பந்தயத்துக்கெனக் கட்டியவைதான், ஆனால் எல்லா அணியிடமும் ஒரே ஒரேகா கார், ஒரே கிப்சன் வி8 எஞ்சின். ஓட்டுநரின் கையையும் அணியின் கணக்கையும் மட்டும் பார்க்க ஆசைப்பட்டால் அந்தப் பிரிவைப் பாருங்கள். மூன்றாவது, காட்சியறையில் விற்கும் போர்ஷே 911, ஃபோர்ட் மஸ்டாங், கோர்வெற் போன்றவற்றைப் பந்தயத்துக்கு மாற்றியவை. இந்தப் பிரிவில் ஒவ்வொரு காரிலும் தொழில்முறை சாராத ஓட்டுநர் ஒருவராவது இருக்கவேண்டும்.

ஹைப்பர்கார் ஒரு சுற்றை மூன்றரை நிமிடத்துக்குள் முடிக்கும். எல்.எம்.ஜி.ரி.3 காருக்கு நான்கு நிமிடத்துக்குக் கிட்டப் போகும். சுற்றுக்கு 30 செக்கன் வித்தியாசம் என்றால், முன்னணிக் கார் ஒவ்வொரு ஏழு எட்டுச் சுற்றுக்கும் ஒரு தடவை அதே மெதுவான காரைப் பிடிக்கும். 24 கார் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றைத் தாண்ட வேண்டும். இரவில் மெதுவான காரின் கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம் மட்டும்தான் விழும். எத்தனை கார், எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அதில் தெரியாது. நெடுநேர ஓட்டத்தில் நடக்கும் மோதல்களில் ஒரு பெரும் பங்கு இந்தத் தாண்டலில்தான் நடக்கிறது.

போட்டி இல்லாமல் போன காலம்

இன்றைக்கு ஃபெராரி, ரொயோட்டா, கடிலாக், பி.எம்.டபிள்யூ., பேஜோ என்று பெயர்கள் நிரம்பியிருப்பதைப் பார்க்கிறவர்கள் இது எப்போதும் இப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. 2016 வரை மேல்பிரிவில் அவுடி, போர்ஷே, ரொயோட்டா என்று மூன்று பெரிய கம்பனிகள் மோதின. அந்தக் கார்களின் ஹைபிரிட் தொழில்நுட்பம் வியக்க வைப்பது, செலவும் அப்படியே. ஒருவர் காற்றோட்டச் சோதனையில் இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் அரை செக்கன் கிடைக்கும், உடனே மற்றவரும் போடவேண்டும். 2016 முடிவில் அவுடி போனது. 2017 முடிவில் போர்ஷே போனது. மிஞ்சிய ரொயோட்டா 2018, 2019, 2020 மூன்று வருடமும் வென்றது. ரொயோட்டாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் போன பிறகும் கடையைத் திறந்து வைத்திருந்தது அவர்கள்தான். ஆனால் இரண்டு ரொயோட்டாவில் எது முதலாவது என்பதற்காக யாரும் இரவு முழுக்கக் கண் விழிக்கமாட்டார்கள்.

2021இல் ஹைப்பர்கார் விதி வந்தது. முதல் வருடம் மேல்பிரிவில் 5 கார். 2022இலும் 5தான். 2023இல் 16 ஆனது, 2024இல் 23. அந்த 23 காரும் ஒன்பது கம்பனிகளுடையவை. இந்த மாற்றத்துக்குக் காரணம் விளம்பரமும் அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல. விதியில் செய்த இரண்டு வேலை.

முதல் வேலை, பணத்தைக் கொட்டி வேகம் வாங்கும் வழியை அடைத்தது. காரின் காற்றுத்தடைக்கும், தரையோடு அழுத்தும் விசைக்கும் ஓர் எல்லை வைத்தார்கள். கார் அதற்குள் இருந்தாக வேண்டும். நூறு கோடி செலவழித்து அதைவிட நல்ல உடலமைப்பைச் செய்தாலும் அது விதிக்கு வெளியே போய்விடும், ஓட்ட முடியாது. உடலமைப்பு ஒன்றுதான், அதைப் பதிவு செய்த பிறகு நினைத்த நேரம் மாற்ற ஏலாது. மொத்தச் சக்திக்கும் உச்சவரம்பு உண்டு, அது ஏறத்தாழ 500 கிலோவாற். சில்லுகளுக்குச் சக்தி கொண்டு போகும் அச்சுகளிலேயே உணரிகளைப் பூட்டி அளக்கிறார்கள், ஆகவே ஒளிக்க வழியில்லை.

இரண்டாவது வேலை, உள்ளே வர இரண்டு வாசல் வைத்தது. எல்.எம்.எச். என்ற வாசலால் வருபவர் காரை முழுவதும் தானே கட்டலாம். ஃபெராரி, ரொயோட்டா, பேஜோ, அஸ்ரன் மார்ட்டின் இவ்வழி. எல்.எம்.டி.எச். என்ற வாசலால் வருபவர் டல்லாரா, ஒரேகா, மல்டிமற்றிக், லிஜியே ஆகிய நான்கு நிறுவனங்களில் ஒன்றிடம் அடிச்சட்டத்தை வாங்கவேண்டும். பொஷ் மோட்டர், பற்றரி, எக்ஸ்ட்ராக் கியர்பெட்டி மூன்றும் எல்லோருக்கும் பொது. எஞ்சினும் உடலின் தோற்றமும் மட்டும் அவரவருடையவை. போர்ஷே, கடிலாக், பி.எம்.டபிள்யூ., அல்பீன் இவ்வழி. இந்தக் கார்கள் அமெரிக்காவின் டேற்றோனா 24 மணி நேரத்திலும் ஓடலாம் என்று இரு கண்டத்து அமைப்புகளும் ஒத்துக்கொண்டன. ஒரு காரைக் கட்டி இரண்டு தொடரில் ஓட்டலாம் என்றதும் கம்பனிகளின் கணக்காளர்களும் தலையாட்டினார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஓரிடம் ஹைபிரிட். மின்மோட்டர் இருந்தால் சக்தி கூடும், இல்லாத கார் பாவம் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. உச்சவரம்பு மொத்தச் சக்திக்கு. மோட்டர் தள்ளும் அளவுக்கு எஞ்சின் குறைத்துக் கொடுக்கவேண்டும். ஃபெராரியிலும் ரொயோட்டாவிலும் மோட்டர் முன்சில்லுகளை ஓட்டும். அப்போது நான்கு சில்லும் இழுப்பதால் வளைவிலிருந்து வெளிவரும்போது பிடி கூடும், அந்த இலாபத்தைக் கட்டுப்படுத்த, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் முன்மோட்டரைப் போடலாம் என்று விதி உண்டு. எல்.எம்.டி.எச். கார்களில் பொதுமோட்டர் பின்பக்கம் இருக்கிறது, வெறும் 50 கிலோவாற். 2025இல் வந்த அஸ்ரன் மார்ட்டின் வல்கிரியில் மோட்டரே கிடையாது, 6.5 லீற்றர் வி12 எஞ்சின் மட்டும்.

காதால் கேட்டே பிரித்தறியக்கூடிய பிரிவு இது. கடிலாக்கின் 5.5 லீற்றர் வி8 அடிவயிற்றிலிருந்து உறுமும். வல்கிரி கீச்சென்று உயரப் போகும். பேஜோவின் 2.6 லீற்றர் டேர்போ வி6 அதன் பக்கத்தில் அமைதி. ஒரே அளவு வேகத்துக்கு இத்தனை வழியில் வரலாம் என்பதுதான் இந்த விதியின் அழகு. இதற்காகவே நாங்கள் இந்தப் பிரிவை விரும்புகிறோம்.

எடையும் கியூ.ஆர். பங்கும்

எல்லையை எவ்வளவு இறுக்கினாலும் வேறு வேறு வடிவக் கார்கள் சமமாக ஓடாது. நீண்ட நேர்வீதியில் ஒன்று முந்தும், வளைவில் மற்றது. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் காருக்குக் கார் ஓர் அட்டவணை வெளியிடுவார்கள். செயல்திறன் சமப்படுத்தல் என்று சொல்லலாம், பார்வையாளர்கள் பி.ஓ.பி. என்றே சொல்வார்கள். அதில் நான்கைத்தான் பார்க்கவேண்டும்: ஆகக்குறைந்த எடை, உச்சச் சக்தி, 250 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் அந்தச் சக்தியில் கூட்டல் கழித்தல், ஒரு தடவை நிரப்பிவிட்டு ஓடக்கூடிய எரிசக்தி அளவு. அடிப்படை எடை 1,030 கிலோ, அதற்கு மேல் ஏற்றுவார்கள்.

2023 லு மானுக்குச் சில நாள் முன்னர் அட்டவணை மாறியது. ரொயோட்டாவுக்கு 37 கிலோ கூடியது, ஃபெராரிக்கு 24, கடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3. 37 கிலோ என்பது ஒரு சீமெந்துப் பையில் முக்கால்வாசி. அதை ஏற்றிக்கொண்டு 24 மணி நேரம் ஒவ்வொரு வளைவிலும் பிறேக் பிடித்து மறுபடி வேகமெடுக்க வேண்டும். ரயரும் அதற்கேற்பத் தேயும். முடிவில் ஃபெராரி 81.793 செக்கனால் ரொயோட்டாவை வென்றது. எடை மட்டும் தோற்கடித்தது என்று சொல்ல முடியாது, கடைசி மணிநேரங்களில் ரொயோட்டா ஓட்டுநர் ஒருவர் காரைச் சுழலவிட்டதும் உண்டு. ஆனால் சுற்றுக்கு 0.2 செக்கன் என்ற கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அந்த வருடம் ஓடிய 342 சுற்றில் 68 செக்கன் ஆகும். சமப்படுத்தலில் சின்னப் பிழை என்று ஒன்று இல்லை.

இந்த முறை பழுதாகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையைப் போடுபவர்கள் முந்தைய ஓட்டங்களின் வேகத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அப்படியானால் வேகத்தை ஒளித்து வைப்பவனுக்கு இலாபம். ஒரு சுற்றை மூன்று பகுதியாகப் பிரித்து நேரம் எடுப்பார்கள். பயிற்சியில் ஒரு கார் முதல் பகுதியை மின்னலாக ஓடி, இரண்டாம் பகுதியில் காரணமில்லாமல் மெதுவாகி, அடுத்த சுற்றில் அதைத் திருப்பிப் போட்டால் சந்தேகப்படுங்கள். மூன்று பகுதியிலும் அந்தக் காரின் ஆகச்சிறந்த நேரங்களைக் கூட்டிப் பாருங்கள், அதன் உண்மையான வேகம் தெரிந்துவிடும். ஓட்டுநரிடமோ அணித்தலைவரிடமோ இதைப்பற்றிக் கேட்டாலும் நேரான பதில் வராது. சமப்படுத்தல் குறித்து வெளியே கருத்துச் சொல்லக்கூடாது என்று விதியிலேயே தடை உண்டு. அந்தத் தடை தேவையற்றது என்பது எங்கள் நிலைப்பாடு. பார்ப்பவர்களிடம் எதையும் மறைக்காவிட்டால்தான் வென்றவரின் வெற்றிக்கும் மதிப்பு.

நாலாவது விடயமான எரிசக்தி அளவு, 2022இல் பெற்றோலுக்கு கியூ.ஆர். காட்டி நின்றவர்களுக்கு உடனே பிடிபடும். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று வாகனத்துக்கு வாகனம் பங்கு வேறாக இருந்தது அல்லவா? இங்கேயும் காருக்குக் கார் பங்கு வேறு. லீற்றரில் அளப்பதில்லை. எஞ்சின்கள் வேறு வேறாக இருப்பதால் லீற்றர் நியாயமாகாது. சில்லுக்குப் போய்ச் சேர்ந்த சக்தியை அச்சிலுள்ள உணரி எண்ணிக்கொண்டே வரும். ஓட்டுநரின் திரையில் அது நூறிலிருந்து இறங்கும் விழுக்காடாகத் தெரியும், தொலைக்காட்சியிலும் காட்டுவார்கள். சுழியத்துக்கு வருமுன் பாதையை விட்டு நிரப்பும் இடத்துக்கு உள்ளே வந்தாக வேண்டும். தாங்கியில் பெற்றோல் மிச்சம் இருந்தாலும் பங்கு முடிந்தால் முடிந்ததுதான், தாண்டினால் தண்டனை. (அந்தப் பெற்றோலும் நிலத்திலிருந்து எடுத்ததல்ல. 2022 முதல் வைன் உற்பத்தியின் கழிவிலிருந்து செய்கிறார்கள்.)

ஆகவே வேகமாக ஓடுவது மட்டும் கெட்டித்தனம் அல்ல. நேர்வீதியின் முடிவில் பிறேக்குக்கு முன்பே அக்சிலேற்றரை விட்டுக் காரை உருளவிட்டால் பங்கு மிஞ்சும். ஒரு நிரப்பலுக்கு 12 சுற்று ஓடுபவருக்கு 387 சுற்றுக்கு 32 நிறுத்தம். அதே ஆள் 13 சுற்று இழுத்தால் 29. நிறுத்தம் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போகும், மூன்றைக் குறைத்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் இலாபம். விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்கும் பாதுகாப்புக் கார் வந்தால் இந்தக் காகிதக் கணக்கு குலையும், ஆனால் அணிகள் தொடங்குவது இங்கேதான்.

நிறுத்தத்தில் இன்னொரு விதி. பெற்றோல் அடித்து முடியும்வரை ரயரைத் தொடக்கூடாது. ரயர் மாற்றும் நேரம் முழுவதும் தனி இழப்பு. அதனால் ஒரே ரயரில் இரண்டு, மூன்று நிரப்பல் ஓடப் பார்ப்பார்கள். இரவுக் குளிரில் அது பலிக்கும். பகல் வெயிலில் மூன்றாம் தடவை ரயர் வழுக்கத் தொடங்கினால் மிச்சம் பிடித்ததைவிடக் கூட இழப்பார்கள். எடை கூட ஏற்றப்பட்ட கார் இங்கேதான் முதலில் அடி வாங்கும்.

ஒரு கதவு

2024 லு மான். கடைசி இரண்டு மணி நேரம், ஈரப் பாதை. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த 50ஆம் இலக்க ஃபெராரியின் வலதுபக்கக் கதவு பூட்டிலிருந்து விட்டு, காற்றில் அடித்துக்கொண்டது. கறுப்பில் செம்மஞ்சள் வட்டம் போட்ட கொடி காட்டினார்கள். உள்ளே வந்து சரிசெய்துவிட்டுப் போ என்பது அதன் பொருள். நிக்லாஸ் நீல்சன் உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார்கள். ஆனால் நினைத்திராத நேரத்தில் உள்ளே வந்ததால் எரிசக்திக் கணக்கு முழுவதும் பிசகியது. கடைசி நிரப்பலை வழக்கத்தைவிட நீட்டினால்தான் இன்னொரு நிறுத்தம் இல்லாமல் முடிக்கலாம். பின்னால் ரொயோட்டா துரத்துகிறது. நீல்சன் விழுக்காட்டைப் பார்த்துப் பார்த்து அக்சிலேற்றரை விட்டுவிட்டு ஓட்டி, பங்கு தீரும் தறுவாயில் முடித்தார். வித்தியாசம் 14.221 செக்கன். அந்த வருடம் ஒன்பது கார்கள் முதலாவது காரோடு ஒரே சுற்றில் முடித்தன. ரொயோட்டா தனியே ஓடிய காலத்தில் இப்படி ஒரு கதவு திறந்திருந்தால், சாத்திவிட்டு வழமைபோல வென்றிருப்பார்கள்.

விதி எவ்வளவு சமப்படுத்தினாலும் பழுதைச் சமப்படுத்த முடியாது. 2016இல் ரொயோட்டா முன்னணியில் நிற்க, சில நிமிடங்களே மிஞ்சியிருக்க, டேர்போவிலிருந்து காற்று போகும் குழாயில் ஒரு இணைப்புப் பிசகிக் கார் சக்தி இழந்தது. வென்றது போர்ஷே.

தனியார் அணிகளுக்கும் இந்த விதியில் இடம் உண்டு. 2025இல் வென்றது ஃபெராரி கம்பனியின் சொந்தச் சிவப்புக் கார் அல்ல, ஏ.எஃப். கோர்சே அணி தனியாக இறக்கிய மஞ்சள் நிற 83ஆம் இலக்க ஃபெராரி. 2011இல் ரலி விபத்தில் வலது கை சிதைந்த ரொபேர்ட் குபிட்சா, சீனாவின் யே யிஃபெய், இங்கிலாந்தின் ஃபில் ஹான்சன் ஆகியோர் ஓட்டினார்கள். நம்மவர் ஒருவரின் பெயரும் லு மான் பதிவேட்டில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் ஓடி ஆறாவது இடத்துக்கு வந்தார்.

கம்பனிகள் வரும், போகும். லு மானையும் சேர்த்த உலகத் தொடரில் லம்போகினி 2024க்குப் பிறகு நிறுத்தியது. 2025 முடிவோடு போர்ஷே உலகத் தொடரின் மேல்பிரிவிலிருந்து விலகி, அமெரிக்கத் தொடரில் மட்டும் நின்றுகொண்டது. கொரியாவின் ஜெனசிஸ் 2026இலிருந்து, ஃபோர்டும் மக்லாரனும் 2027இலிருந்து என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. விதியின் ஆயுளையும் 2032 வரை நீட்டியிருக்கிறார்கள், புதியவர்கள் துணிந்து பணம் போடலாம். விதி சீக்கிரம் மாறும் என்றால் எஞ்சின் செய்யத் தொடங்க யாரும் தயங்குவார்கள்.

முதல் தடவை பார்க்கும்போது

லு மான் வழமையாக யூன் மாதத்துச் சனிக்கிழமை, அங்கே பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கும். எங்களுக்கு இரவு 7.30. முடிவதும் ஞாயிறு இரவு 7.30. முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் இரண்டு மணி நேரம், எங்களுக்கு விடியப்புறம் ஒரு மணி நேரம், கடைசியாக மூன்று மணி நேரம் பார்த்தால் போதும். எங்கள் விடியப்புறம் அங்கே நடுநிசி கழிந்த நேரம், ரயர் மிச்சம் பிடிப்பது அப்போதுதான் நடக்கும்.

இரண்டு பிரிவில் ஒவ்வொரு கார் தெரிந்தெடுத்து இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் அவை உள்ளே வரும் ஒவ்வொரு நேரத்தையும், ரயர் மாற்றினார்களா என்பதையும் குறியுங்கள். இடைவெளியை இருவரும் ஒரே எண்ணிக்கை நிறுத்தம் செய்த பிறகு மட்டும் ஒப்பிடுங்கள். முன்னால் நிற்கும் கார் ஒரு நிறுத்தம் குறைவாகச் செய்திருந்தால் அதன் 40 செக்கன் முன்னணி வெறும் தோற்றம். ஒற்றை வேகச் சுற்றை வைத்து எந்தக் கார் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே மணிநேரத்தில் ஒவ்வொரு காரும் ஓடிய ஆகச்சிறந்த பத்துச் சுற்றின் சராசரியை எடுங்கள். எட்டுக் கம்பனியின் சராசரியும் அரை செக்கனுக்குள் நின்றால் அட்டவணை போட்டவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஒரு கம்பனியின் எல்லாக் கார்களும், யார் ஓட்டினாலும், மற்றவர்களைவிட ஒரு செக்கன் தள்ளி நின்றால் கொப்பியில் அதன் பெயருக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். அடுத்த ஓட்டத்து அட்டவணை வந்ததும் அந்தப் பெயரின் கிலோவை முதலில் பாருங்கள்.